உதவி உரை கோணலாக வந்தால்: ஆர்க்பார்ஸில் தமிழ் எழுதுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊருக்காக ‘மடை’ என்றொரு சிறிய கட்டளை வரி நிரலைப் பைத்தானில் எழுதி வைத்திருக்கிறேன். குழியிலும் மாவிலும் வேலியிலும் சொல்லப்படும் பரப்பை ஏக்கருக்கு மாற்றுவது, விளைந்த நெல் 40 கிலோ சிப்பமாக எத்தனை தேறும் என்று சொல்வது, மேட்டூர் நீர்மட்டத்தைப் பதிந்து வைப்பது ஆகியவையே அதன் வேலை. பயன்படுத்துவோர் அனைவரும் தமிழில்தான் தட்டச்சு செய்கிறார்கள் என்பதால், ‘--நீர்மட்டம்’ போலக் கட்டளையோடு தட்டும் தெரிவுகளின் பெயர்களையும் தமிழிலேயே வைத்தேன். பைத்தானும், தட்டிய தெரிவுகளைப் படித்து அவற்றுக்கான உதவி உரையையும் தானே தயாரிக்கும் அதன் ஆர்க்பார்ஸ் நூலகமும் அதற்குத் தடை சொல்வதில்லை. ஆனால் உதவி உரையைத் திரையில் வரவழைத்த முதல் நாளே, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, கயிறு பிடிக்காம நட்ட வயல் மாதிரி இருக்கு?” என்று கேட்டுவிட்டார். வலப்பக்க விளக்கங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கியிருந்தன.

அதன் பிறகு அந்த உதவி உரையில் நான் சந்தித்த கோளாறுகளை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியின்படி வகைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். நூலகத்தின் உள்ளே வழங்கும் ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன். அளபுருக்களின் (நூலகத்துக்கு நாம் கொடுக்கும் அமைப்பு மதிப்புகளின்) பெயரில் சொற்களுக்கு இடையே நான் விட்டிருக்கும் இடைவெளி, நிரலில் அடிக்கோடாக வரும்.

முதலில் உங்கள் டெர்மினலை அளந்துகொள்ளுங்கள்

கோளாறு நூலகத்தில் இருக்கிறதா, டெர்மினலில் இருக்கிறதா, எழுத்துருவில் இருக்கிறதா என்று தெரியாமல் நிரலில் கை வைப்பது வீண் வேலை. ஆகவே நான்கு வரிகளை அச்சிட்டுப் பாருங்கள். முதல் வரியில் 1 முதல் 0 வரையான இலக்கங்களை இருமுறை எழுதி 20 கட்டங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமையுங்கள். அடுத்த வரியில் ‘ம்’ என்பதைப் பத்து முறையும், அதற்கடுத்ததில் ‘மீ’ என்பதைப் பத்து முறையும், கடைசி வரியில் ‘மி’ என்பதைப் பத்து முறையும் எழுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு செங்குத்துக் கோட்டைப் போடுங்கள். பைத்தானின் ‘லென்’ சார்பு இம்மூன்று சரங்களுக்கும், கோட்டை விடுத்து, 20 என்றே விடை தரும். ஏனெனில் அது யூனிகோடு குறியெண்களை எண்ணுகிறதே தவிர எழுத்துகளை அல்ல. மகரம் ஒன்று, புள்ளி ஒன்று என ‘ம்’ இரண்டாகக் கணக்கில் வரும்.

திரையில் தெரிவது வேறு. ‘ம்’ வரியின் கோடு பத்துக் கட்டங்கள் முடிந்தவுடனேயே நிற்கும். ‘மீ’ வரியும் பெரும்பாலும் அப்படியே. ‘மி’ வரியில்தான் டெர்மினலுக்கு டெர்மினல் வேறுபாடு உண்டு: சிலவற்றில் பத்திலும் சிலவற்றில் இருபதிலும் கோடு நிற்கும். காரணம், யூனிகோடு அட்டவணையில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத குறிகள் என்றும், இகரம், உகரம், ஐகாரம் முதலியவற்றின் குறிகள் இடம் பிடிக்கும் குறிகள் என்றும் வகுக்கப்பட்டிருக்கின்றன. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் அட்டவணை முதல் வகைக்கு 0, இரண்டாம் வகைக்கு 1 என்று அகலம் கொடுக்கிறது. உயிர்மெய்யை ஒரே அலகாகப் பார்க்கும் டெர்மினல்களோ இரண்டு வகையையும் முன்னெழுத்தோடு சேர்த்துவிடுகின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்த நமக்கு, குறில் ‘மி’ இரண்டு கட்டமும் நெடில் ‘மீ’ ஒரு கட்டமும் பெறுவது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சிறு வேறுபாடு நினைவில் இருந்தால் கீழே வருவனவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

அறிகுறி: விளக்கங்கள் நேர்க்கோட்டில் தொடங்கவில்லை, சில வரிகள் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கின்றன

ஆர்க்பார்ஸ் இடப்பக்கத்தில் தெரிவின் பெயரையும் வலப்பக்கத்தில் அதன் விளக்கத்தையும் வைக்கிறது. எல்லாப் பெயர்களிலும் நீளமானதை ‘லென்’ கொண்டு கண்டுபிடித்து, மற்றப் பெயர்களுக்குப் பின்னால் அந்த நீளம் வரை வெற்றிடத்தை நிரப்புகிறது. ஆங்கில எழுத்துகளுக்கு எண்ணிக்கையும் அகலமும் ஒன்றே என்பதால் அங்கே இது பிசகுவதில்லை. தமிழில் புள்ளி வைத்த எழுத்து ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் இரண்டாகவும் திரையில் ஒன்றாகவும் இருப்பதால், ஒரு பெயரில் புள்ளியும் ஈகாரக் குறியுமாக எத்தனை இருக்கின்றனவோ அத்தனை கட்டங்கள் அதன் விளக்கம் இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

மூன்று பெயர்களை வைத்துப் பார்ப்போம். பெயருக்குப் பின்னால் வரும் மதிப்பை இப்போதைக்கு விட்டுவிடலாம். ‘--நீர்மட்டம்’ என்பதை நூலகம் 12 என்று எண்ணும். புள்ளி மூன்றும் ஈகாரக் குறி ஒன்றும் இடம் பிடிக்காததால் திரையில் அது 8 கட்டமே. ‘--ஈரப்பதம்’ எண்ணிக்கையில் 10, திரையில் 8. ‘--மதகு’ எண்ணிக்கையில் 6, திரையில் டெர்மினலைப் பொறுத்து 6 அல்லது 5. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என விடப்படும் வெற்றிடங்களையும் சேர்த்தால் மூன்று விளக்கங்களும் 16 கட்டங்களைத் தாண்டித் தொடங்க வேண்டியவை. உண்மையில் முதலாவது 12 கட்டங்களையும், இரண்டாவது 14 கட்டங்களையும், மூன்றாவது 16 அல்லது 15 கட்டங்களையும் தாண்டித் தொடங்குகின்றன. பெரியவர் கண்ட கோணல் இதுதான்.

இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு எனக்கும் தோன்றியது: எண்ணிக்கைக்குப் பதிலாக அகலத்தைக் கணக்கிடும் ஒரு வடிவமைப்பு வகுப்பை எழுதிவிடுவது. எழுதியும் பார்த்தேன். நீளத்தை அளக்கும் இடம், வெற்றிடம் நிரப்பும் இடம் என இரண்டையும் மாற்றியாக வேண்டும். ‘லென்’ அளவை மட்டும் ஏமாற்றினால் போதாது, ஏனெனில் வெற்றிடம் நிரப்பும் சதவீதக் குறி வடிவமைப்பும் குறியெண்களைத்தான் எண்ணுகிறது. அவற்றுள் வெற்றிடம் நிரப்பும் இடமாவது அடிக்கோட்டில் தொடங்கும் பெயருடைய உள் செயல்முறைக்குள் இருக்கிறது. அத்தகைய செயல்முறைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. 3.14 ஆம் பதிப்பில் உதவி உரைக்கு வண்ணம் சேர்த்தபோது அப்பகுதியில் மாற்றம் நிகழ்ந்தது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றாலும், எந்த அகலத்தைக் கணக்கிடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ‘மி’ என் மடிக்கணினியில் இரண்டு கட்டம், பக்கத்து வீட்டுக் கணினியில் ஒரு கட்டம் என்றால், எந்த எண்ணை எழுதினாலும் ஓரிடத்தில் கோணல்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது: தமிழ்ச் சொல்லுக்கு வலப்பக்கத்தில் எதையும் நேராக நிறுத்த முயலாதீர்கள். விளக்கத்தை அடுத்த வரிக்கு இறக்கிவிடுங்கள். வரியின் தொடக்கத்தில் வெற்றிடங்கள் மட்டுமே இருக்கும்போது, எந்த டெர்மினலிலும் எந்த எழுத்துருவிலும் அவை ஒரே அகலம்தான்.

இதைச் செய்ய ஆர்க்பார்ஸின் உள்ளே போக வேண்டியதில்லை. விளக்கம் எந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்பதை ‘மேக்ஸ் ஹெல்ப் பொசிஷன்’ என்னும் அளபுரு முடிவு செய்கிறது; அதன் இயல்பு மதிப்பு 24. முன் வெற்றிடம் 2, பின் வெற்றிடம் 2 போக, 20 குறியெண்களுக்குள் அடங்கும் பெயர்கள் விளக்கத்தோடு ஒரே வரியிலும், மற்றவை தனி வரியிலும் வருவது இதனால்தான். இந்த எண்ணை 6 என்று குறைத்துவிட்டால், இரண்டு குறியெண்களுக்கு மேற்பட்ட பெயர் எதுவும் விளக்கத்தோடு ஒரே வரியில் நிற்க முடியாது. ‘ஹெல்ப் ஃபார்மேட்டர்’ வகுப்பிலிருந்து ஒரு துணை வகுப்பை உருவாக்கி, அதன் தொடக்கச் செயல்முறையில் இந்த மதிப்பை 6 என்று கொடுத்து, தட்டிய வரியைப் பிரித்துப் படிக்கும் பாகுபடுத்தியை அமைக்கும்போது ‘ஃபார்மேட்டர் கிளாஸ்’ என்னும் அளபுருவில் அந்த வகுப்பைக் குறிப்பிட்டால் போதும். விளைவு இப்படி இருக்கும்:

  --ஆறு பெயர்
      காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஆகியவற்றுள் ஒன்று
  --நீர்மட்டம் அடி
      மேட்டூர் அணையின் நீர்மட்டம். முழு மட்டம் 120 அடி
  --ஈரப்பதம் எண்
      நெல்லின் ஈரப்பதம், சதவீதத்தில்

இதிலும் எனக்கு ஒரு கண்ணி இருந்தது. பரப்பை நேரடியாகப் பெறும் நிலைசார் மதிப்புக்கு (முன்னால் ‘--’ இல்லாமல், இடத்தைக் கொண்டே அறியப்படுவது), ஊர் வழக்கப்படி ‘மா’ என்று பெயர் வைத்திருந்தேன். அது மகரமும் ஆகாரக் குறியும் சேர்ந்து சரியாக இரண்டு குறியெண்கள்; ஆகவே எல்லாப் பெயர்களும் தனி வரிக்குப் போய்விட, அது மட்டும் விளக்கத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. 4 என்று வைத்தால் இதுவும் தப்பாது. ஆனால் துணைக் கட்டளைகள் (‘மாற்று’, ‘சிப்பம்’ என நிரலின் பெயருக்குப் பின் தட்டும் வேலைப் பெயர்கள்) உள்ள நிரலில் அவற்றின் பெயர்களே நான்கு கட்டங்கள் உள்ளே தள்ளித் தொடங்குவதால், பெயரும் விளக்கமும் ஒரே ஓரத்தில் வந்து எது பெயர், எது விளக்கம் என்று தெரியாமல் போகும். நான் 6 என்பதையே வைத்துக்கொண்டு, ‘மா’ என்பதைப் ‘பரப்பு’ என்று மாற்றி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர் என்னும் வாய்பாட்டை விளக்கத்தில் எழுதிவிட்டேன்.

ரஸ்ட் மொழியின் கிளாப் நூலகத்தைப் பயன்படுத்துவோருக்கு இதே ஏற்பாடு ‘நெக்ஸ்ட் லைன் ஹெல்ப்’ என்ற பெயரில் நேரடியாகவே கிடைக்கிறது. தெரிவுகளின் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வைத்து விளக்கத்தை மட்டும் தமிழில் எழுதுவோருக்கு மேற்சொன்ன எதுவும் தேவையில்லை. இடப்பக்கம் ஆங்கிலமாக இருக்கும்வரை வலப்பக்கம் நேராகவே தொடங்கும். பொதுப் பயனுக்கான நிரல் என்றால் நானும் அதையே பரிந்துரைப்பேன்.

அறிகுறி: தெரிவின் பெயர் இரண்டு முறை வருகிறது

‘--நீர்மட்டம் நீர்மட்டம்’ என்று வந்தால் அது நகலெடுப்புப் பிழை அன்று. மதிப்பின் பெயரை நீங்கள் கொடுக்காவிட்டால், நூலகம் தெரிவின் பெயரையே ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மாற்றி அந்த இடத்தில் போடும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லாததால் மாற்றம் எதுவும் நிகழாமல் அதே சொல் மீண்டும் நிற்கிறது. இதனால் நீளமும் இரட்டிக்கிறது: மேற்கண்ட தலைப்பு 23 குறியெண்களாகி, இயல்பு அமைப்பில் உள்ள 20 என்னும் எல்லையைத் தாண்டித் தனி வரிக்குப் போய்விடும், பக்கத்தில் உள்ள சிறிய பெயர்கள் போகமாட்டா. சில விளக்கங்கள் அதே வரியிலும் சில அடுத்த வரியிலும் கலந்து வருவதாகத் தோன்றினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தெரிவுக்கும் ‘மெட்டாவார்’ அளபுருவில் அடி, எண், பெயர், தேதி என்று அலகையோ வகையையோ குறிக்கும் சிறு சொல்லைக் கொடுங்கள்.

தேர்வுப் பட்டியல் உள்ள தெரிவுகளுக்கு இது இன்னும் முக்கியம். கல்லணையில் பிரியும் நான்கையும் ‘சாய்சஸ்’ அளபுருவில் கொடுத்துவிட்டு மெட்டாவார் கொடுக்காமல் விட்டால், நான்கு பெயர்களும் நெளிவு அடைப்புக்குள் அப்படியே தெரிவின் பக்கத்திலும், மேலே உள்ள பயன்பாட்டு வரியிலும் கொட்டப்படும். மெட்டாவாரில் சதுர அடைப்போ பிறை அடைப்போ போட வேண்டாம். பழைய பதிப்புகளில் பயன்பாட்டு வரி நீண்டு மடியும்போது அந்த அடைப்புகள் நிரலையே நிறுத்திவிடுகின்றன.

அறிகுறி: வரியின் தொடக்கத்தில் புள்ளியிட்ட வட்டம் தெரிகிறது

அகலமான திரையில் எல்லாம் சரியாக இருந்து, சன்னலைக் குறுக்கினாலோ கைபேசியில் இயக்கினாலோ மட்டும் ஒரு வரியின் முதலில் புள்ளிகளால் ஆன சிறு வட்டமும் அதன்மேல் ஒரு புள்ளியோ உயிர்க்குறியோ தெரிந்தால், எழுத்து ஒன்று நடுவில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். நூலகம் விளக்கத்தை மடிக்க ‘டெக்ஸ்ட்ராப்’ என்னும் தொகுதியைப் பயன்படுத்துகிறது. ஒரு சொல்லே வரியின் அகலத்தைவிட நீளமாக இருந்தால் அது அச்சொல்லைக் குறியெண் எல்லையில் வெட்டும், எழுத்தின் எல்லையில் அன்று.

ஆங்கிலத்தில் இது அரிதாக நிகழ்வது. தமிழில் ஒட்டுகள் சேரச் சேரச் சொல் நீள்வதால் அடிக்கடி நிகழ்கிறது. 40 கட்ட அகலமுள்ள திரையில் இயல்பு அமைப்பின்படி விளக்கத்துக்குக் கிடைப்பது 20 வரை குறையக்கூடும். ‘கொள்முதல்நிலையங்களுக்கு’ என்று சேர்த்து எழுதிய சொல்லில் 23 குறியெண்கள் உள்ளன. அது விளக்கத்தின் முதற்சொல்லாக இருந்தால், இருபதாவதாகிய ககரத்தோடு முதல் வரி முடிந்து, அதன் புள்ளி அடுத்த வரிக்குப் போய் வட்டத்தின் தலையில் உட்காரும்.

விளக்கத்தை அடுத்த வரிக்கு இறக்கி 6 கட்டங்கள் தள்ளித் தொடங்கினாலே இடம் தாராளமாகி இது பெரும்பாலும் மறைந்துவிடும். முற்றிலும் ஒழிக்க வேண்டுமானால், முன்பு உருவாக்கிய துணை வகுப்பிலேயே ‘ஸ்ப்ளிட் லைன்ஸ்’ செயல்முறையை மீண்டும் எழுதி, டெக்ஸ்ட்ராப்பை அழைக்கும் இடத்தில் ‘பிரேக் லாங் வேர்ட்ஸ்’ என்பதைப் பொய் என்று கொடுக்க வேண்டும். அப்போது நீண்ட சொல் வரியைத் தாண்டி வெளியே நீளும். வெட்டுப்பட்ட எழுத்தைவிட அது மேல். இச்செயல்முறையின் பெயரும் அடிக்கோட்டில்தான் தொடங்குகிறது என்றாலும், நூலகத்தின் சொந்த ‘ரா டெக்ஸ்ட்’ வகுப்பும் இதைத்தான் மாற்றி எழுதுகிறது என்பதால் இதை நம்பலாம். மேலுள்ள முன்னுரைப் பத்திக்கும் இதே பாதுகாப்பு வேண்டுமானால் ‘ஃபில் டெக்ஸ்ட்’ செயல்முறையையும் அவ்வாறே எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வசதியையும் சொல்லிவிடுகிறேன். ‘120 அடி’ என்பதில் 120 ஒரு வரியிலும் அடி மறு வரியிலும் பிரிவது உங்களுக்குப் பிடிக்காவிட்டால், இடையில் பிரியா இடைவெளியைப் போடலாம். இந்நூலகமும் டெக்ஸ்ட்ராப்பும் வெற்றிடம் என்று கொள்வது ஆஸ்கி வெற்றிடங்களை மட்டுமே. பிரியா இடைவெளியை அவை தொடுவதில்லை.

அறிகுறி: முதன்மை உதவி சரி, துணைக் கட்டளையின் உதவி மட்டும் பழையபடி கோணல்

நான் ஒரு மாலை முழுவதையும் இழந்தது இதில்தான். முதன்மைப் பாகுபடுத்திக்குக் கொடுத்த ஃபார்மேட்டர் கிளாஸ், ‘ஆட் பார்சர்’ கொண்டு சேர்க்கும் துணைக் கட்டளைகளுக்குத் தானாக இறங்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். ‘மாற்று’, ‘சிப்பம்’, ‘நீர்’ என மூன்று துணைக் கட்டளைகளுள் இரண்டுக்குக் கொடுத்து ஒன்றுக்கு மறந்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் வந்தும் கடைமடைக்கு எட்டாத கதைதான்.

மறக்கவே இடமில்லாத வழி ஒன்று உண்டு. ‘ஆர்க்யுமென்ட் பார்சர்’ வகுப்பிலிருந்தே ஒரு துணை வகுப்பை உருவாக்கி, அதன் தொடக்கச் செயல்முறையில் ஃபார்மேட்டர் கிளாஸ் கொடுக்கப்படவில்லையென்றால் நம்முடையதை இட்டுக்கொள்ளும்படி எழுதிவிடுங்கள். துணைக் கட்டளைகளை உருவாக்கும்போது நூலகம் முதன்மைப் பாகுபடுத்தி எந்த வகுப்போ அதே வகுப்பைத்தான் பயன்படுத்துகிறது; ஆகவே வகுப்பின் வழியாக எல்லாமே கீழே வரை இறங்கிவிடும்.

அறிகுறி: உதவி கேட்டால் நிரலே விழுகிறது, அல்லது சதவீதக் குறி இரட்டையாக வருகிறது

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கான ஈரப்பத வரம்பு 17%. அதை ‘ஈரப்பதம் 17% வரை’ என்று விளக்கத்தில் எழுதினால், உதவி கேட்டவுடன் ‘வ’ என்பது ஆதரிக்கப்படாத வடிவமைப்பு எழுத்து என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வரும். தெரிவுகளின் விளக்கத்தைச் சதவீதக் குறி வடிவமைப்பின் வழியாக நூலகம் செலுத்துவதே காரணம். குறிக்குப் பின்னால் வரும் இடைவெளியையும் வகரத்தையும் அது கட்டளையாகப் படிக்கிறது. நிரல் மற்றபடி ஒழுங்காக இயங்கி, உதவி கேட்கும்போது மட்டும் விழுவதால் இது நெடுநாள் கண்ணில் படாமல் இருக்கலாம், 3.14 முதல் தெரிவைச் சேர்க்கும்போதே பிழை காட்டப்படுகிறது. குறியை இரட்டித்து எழுதினால் திரையில் ஒன்றாக வரும்.

ஆனால் முன்னுரைக்கும் பின்னுரைக்கும் இந்த விதி பொருந்தாது. அங்கே நிரலின் பெயரை இட்டு நிரப்பும் குறிப்பு இருந்தால் மட்டுமே வடிவமைப்பு நடக்கும். இல்லையென்றால் நீங்கள் இரட்டித்த குறி இரட்டையாகவே அச்சாகும். தெரிவில் இரண்டு, முன்னுரையில் ஒன்று என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: வரி வரியாக எழுதியது ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டது

குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று வரிகளில் எழுதியதை இயல்பு வடிவமைப்பு ஒரே வரியாக இழுத்துவிடும். முன்னுரையிலும் பின்னுரையிலும் மட்டும் வரிகள் காக்கப்பட வேண்டும் என்றால் ‘ரா டிஸ்கிரிப்ஷன்’ வகுப்பையும், தெரிவுகளின் விளக்கத்திலும் காக்கப்பட வேண்டும் என்றால் ‘ரா டெக்ஸ்ட்’ வகுப்பையும் மூல வகுப்பாகக் கொள்ளுங்கள். இரண்டிலும் மடிப்பு உங்கள் பொறுப்பு. மூல நிரலில் உள்தள்ளி எழுதிய வெற்றிடங்களும் அப்படியே அச்சாகும் என்பதால் டெக்ஸ்ட்ராப்பின் ‘டிடென்ட்’ சார்பைக் கொண்டு அவற்றை நீக்க வேண்டும். டேப்பும் வெற்றிடமும் கலந்திருந்தால் அது நீக்காது.

வண்ணக் குறியீடுகளை நீங்களே மெட்டாவாரில் சேர்த்திருந்தால் அவையும் நீளமாக எண்ணப்படும்: பச்சை தொடங்க 5, பழைய நிலைக்குத் திரும்ப 4, ஆக 9 கட்டங்கள் விளக்கம் நகரும். சேர்க்காதீர்கள்.

அறிகுறி: பார்வைக்கு ஒன்றாக இருக்கும் தெரிவை நூலகம் ஏற்க மறுக்கிறது

இது சீரமைப்புக் கோளாறு போலத் தோன்றாது என்றாலும், பெரும்பாலும் சீரமைப்பு ஒரு கட்டம் பிசகுவதில்தான் முதலில் தலைகாட்டும். ‘கொ’ என்பதைக் ககரம், ஒகரக் குறி என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். ககரம், எகரக் குறி, ஆகாரக் குறி என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருவர் விசைப்பலகை முதல் வகையையும் இன்னொருவருடையது இரண்டாம் வகையையும் தந்தால், ‘--கொள்முதல்’ என்னும் தெரிவு ஒருவருக்கு வேலை செய்து மற்றவருக்கு அறியப்படாத தெரிவு என்று திருப்பி அனுப்பப்படும்.

இதைவிட நுட்பமான ஒரு வடிவமும் உண்டு. பைத்தான் மூல நிரலில் உள்ள மாறிகளின் பெயர்களைத் தானே ஒருங்கிணைந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களைத் தொடாது. எனவே தெரிவின் பெயரை மேற்கோளுக்குள் மூன்று குறியெண் வடிவில் எழுதியிருந்தால், பாகுபடுத்திய விடையிலிருந்து அதே பெயரால் மதிப்பை எடுக்கப் போகும்போது அப்படி ஒரு பண்பே இல்லை என்று பைத்தான் சாதிக்கும். எழுத்தை எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ‘லென்’ கொண்டு எண்ணினால்தான் தெரியும். யூனிகோடு தரவுத் தொகுதியின் ‘நார்மலைஸ்’ சார்பை என்எஃப்சி எனப்படும் ஒருங்கிணைந்த வடிவில் பயன்படுத்தி, தெரிவின் பெயர்களையும், பயனர் தட்டிய சொற்களையும் பாகுபடுத்துமுன் ஒருமுறை வடிகட்டிவிடுங்கள். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவோரை மட்டும் எந்த வடிகட்டியும் காப்பாற்றாது. அது யூனிகோடு கண்ணில் இரண்டு தனி எழுத்துகள்.

அறிகுறி: திரையில் ஒரு மாதிரி, கோப்பிலும் தாளிலும் வேறு மாதிரி

திரைக்கு எழுதும்போது நூலகம் டெர்மினலின் அகலத்தைக் கேட்டு அறிந்து, அதில் இரண்டைக் கழித்து மடிக்கிறது. வெளியீட்டைக் கோப்புக்கோ வேறொரு நிரலுக்கோ திருப்பினால் கேட்பதற்கு டெர்மினல் இல்லை. அப்போது 80 என்று வைத்துக்கொள்கிறது. முழுவதும் பெரிய எழுத்தில் எழுதப்படும் ‘காலம்ஸ்’ என்னும் சூழல் மாறியில் ஓர் எண்ணை இட்டால் இரண்டு இடத்திலும் அதுவே செல்லும்.

குறுகிய திரைக் கோளாறுகளைக் கைபேசி இல்லாமலேயே வரவழைத்துப் பார்க்கவும் இம்மாறி உதவுகிறது. நான் சோதனை நிரலில் இதை 40, 80, 200 என மூன்று மதிப்புகளில் வைத்து, முதன்மை உதவியையும் ஒவ்வொரு துணைக் கட்டளையின் உதவியையும் சரமாகப் பெற்று, ஒவ்வொரு வரியிலும் வெற்றிடம் நீக்கிய முதற்குறியின் யூனிகோடு வகை எம் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்க்கிறேன். தொடங்கினால், எங்கோ ஓர் உயிர்மெய் நடுவில் வெட்டப்பட்டிருக்கிறது. சோதனை அங்கேயே தோற்கும்.

தாளில் அச்சிடும்போது எழுத்துருவே சம அகலம் உடையதாக இராது என்பதால், இரு பத்தி அமைப்பு எந்தக் கணக்கைப் போட்டாலும் நிற்காது. பெயர் ஒரு வரி, விளக்கம் ஆறு வெற்றிடம் தள்ளி அடுத்த வரி என்னும் அமைப்பு மட்டும் அங்கேயும் மாறாமல் வருகிறது. மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளாகிய ஜூன் 12க்கு முன் அப்படி ஒரு தாளை எடுத்து, கணக்கெழுதும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன்; பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, ‘சிப்பம்’ கட்டளைக்கு எத்தனை மூட்டை என்று எங்கே கொடுப்பது என்று கேட்டார்.